முப்பது கிராம் கூடுதல்

தனலெட்சுமியை மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவது என்று ருமானா முடிவெடுத்து ஒரு வாரமாகிவிட்டது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பின்தெருவில், ஒரு கடைவீட்டின் மாடியில் ருமானாவின் மசாலா வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. முன்பு கீழே சிறிய கடை ஒன்றும் இருந்தது. வாடகை ஏறியதும் அதை விட்டுவிட்டு, இணையச் சந்தையில் மட்டும் விற்க ஆரம்பித்தாள். மீன் கறித்தூள் நானூறு கிராம், இறைச்சிக் கறித்தூள் நானூறு கிராம். இரண்டும் சேர்ந்த ஜோடியின் விலை முப்பத்தெட்டு வெள்ளி. பெரும்பாலும் அந்த ஜோடிதான் விற்றது. வறுப்பதும் கலப்பதும் ருமானா. பொட்டலம் போடுவது, பெட்டி கட்டுவது, முகவரி ஒட்டி கொரியர் லோரியில் ஏற்றுவது எல்லாம் தனலெட்சுமி.

தனலெட்சுமி போர்ட் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவாள். அங்கே ஒரு கிடங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். கிடங்கு கைமாறியதும் வேலை போயிற்று. மகள் வாணி இந்த வருடம் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதுகிறாள். இங்கே அரைநாள் வேலைக்கு மாதம் தொள்ளாயிரம் வெள்ளி கிடைத்தது. அந்தத் தொள்ளாயிரத்தை வைத்துத்தான் வாணியின் டியூஷனும் வீட்டு வாடகையில் பாதியும் ஓடிக்கொண்டிருந்தன என்பது ருமானாவுக்குத் தெரியும்.

தெரிந்ததனால்தான் வாய் வரவில்லை.

"என்ன, சொல்லியாச்சா?" என்று கணவர் உமர் அன்றும் கேட்டார். அவர் ஒரு லோரி நிறுவனத்தில் குமாஸ்தா.

"இல்லங்க. இன்னைக்கு வாணிக்கு ட்ரையல் பரீட்சையாம். பாவம், அந்த நினைப்புலேயே இருந்தா. நாளைக்குச் சொல்றேன்."

"நேத்து அவளுக்குத் தலைவலின்னே. நாளைக்கு மழை பெய்யும், அதையும் ஒரு காரணமா எழுதி வச்சுக்க."

"உங்களுக்கு என்ன, சிரிப்பா இருக்கு."

"சிரிக்கல ருமானா. எனக்குப் புரியாம கேக்குறேன். மாசம் முந்நூறு பார்சல் போனப்ப கையில காசு நின்னுச்சு. இப்ப ஐந்நூறு போவுது, ஒண்ணும் நிக்கல. நூத்துக்குப் பத்துதானே அந்த ஆப்காரன் எடுக்குறான்? மிச்சம் எங்க போவுது?"

அதுதான் ருமானாவுக்கும் புரியவில்லை. தூள் விலையையும் பை, பெட்டி விலையையும் சேர்த்து ஒரு ஜோடிக்கு இருபத்துநான்கு வெள்ளி அடக்கம். நூற்றுக்குப் பத்து போனாலும் பத்து வெள்ளி நிற்க வேண்டும். நிற்கவில்லை. குறைக்கக் கூடிய செலவு என்று கண்ணுக்குத் தெரிந்தது தனலெட்சுமியின் சம்பளம் ஒன்றுதான்.

ப்ரிக்பீல்ட்ஸில் சிவநேசன் என்று ஒருவர் இதே போன்ற ஜோடியை, இதே எடையில், முப்பத்தைந்து வெள்ளிக்கு விற்றுவந்தார். அவருக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? லுஹர் தொழுதுவிட்டு எழுந்தபோது, அவரிடமே கேட்டுவிட்டால் என்ன என்று ருமானாவுக்குத் தோன்றியது. அதே செயலியில் அவர் கடையைத் திறந்து, "அண்ணே, உங்ககிட்ட எத்தனை பெர்சன்ட் பிடிக்கிறாங்க?" என்று எழுதினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "கிள்ளான் ருமானா மசாலாதானே? கடைப் பேரைக் கூட மறைக்காம உளவு பாக்க வந்திருக்கீங்களே சிஸ்டர்! சனிக்கிழமை கடைக்கு வாங்க. டீ குடிச்சிட்டுப் பேசலாம். உங்க ஸ்டேட்மென்ட்டையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டாங்க."

சனிக்கிழமை காலை கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு ருமானா நடந்தாள். சிவநேசனின் கடை பெரிய சாலையிலிருந்து விலகி ஒரு சந்துக்குள் இருந்தது. ஐம்பது வயது மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வரவேற்றார். அவர் மனைவி புனிதா மேசையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர், எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க. சீனி கம்மியா, கூடவா?"

"கம்மியா போதுங்க்கா."

சிவநேசன் ருமானாவின் தாளை விரித்தார். பக்கத்தில் தம்முடைய தாளையும் வைத்தார். போட்டிக் கடைக்காரர் தம் வரவு செலவைத் திறந்து வைப்பார் என்று ருமானா எதிர்பார்க்கவில்லை. பார்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"பாருங்க சிஸ்டர், பாருங்க. திருட்டுக் கணக்கு ஒண்ணும் இல்ல." அவர் பேனாவை எடுத்தார். "பத்து பெர்சன்ட் கமிஷன். அது பொருளோட விலைக்கு. நீங்க தள்ளுபடி குடுத்தா, தள்ளுபடி போக மிச்சத்துக்கு. சரியா?"

"சரிண்ணே. அது தெரியும்."

"பணம் வசூல் பண்ணித் தர்றதுக்கு மூணரை பெர்சன்ட். இது பொருள் விலைக்கு இல்ல. வாங்குறவங்க மொத்தமா எவ்வளவு கட்டினாங்களோ அதுக்கு. தபால் காசு அஞ்சு வெள்ளியும் அதுல சேரும்."

"அந்த அஞ்சு வெள்ளி என் கைக்கு வரவே இல்லையேண்ணே. கொரியருக்குல்ல போவுது?"

"போவுது. ஆனா அதுக்கும் மூணரை உங்க கையிலேர்ந்துதான். அடுத்தது, இந்த மூணு பெர்சன்ட் என்னன்னு தெரியுதா?"

ருமானா குனிந்து பார்த்தாள். "காயின் திருப்பித் தர்ற திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. சேர்ந்தா கடைப் பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் வரும்னு போட்டிருந்தாங்க."

"டிக் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுக்குத்தான் மூணு. இங்க ஒரு நாலு. பெருவிற்பனை நாளுக்குச் சேர்றீங்களான்னு கேட்டான், சேர்றேன்னு அமுக்கியிருக்கீங்க. ஒரு நாளைக்கு மட்டும்னு நெனச்சிருப்பீங்க. அது நீங்களா வெளிய வர்ற வரைக்கும் தினமும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"யா அல்லாஹ்!"

"இருங்க, முடியல. ஆர்டருக்கு ஐம்பது சென். கடைசியா, பிடிச்ச காசு எல்லாத்தையும் கூட்டி அதுக்கு மேல எட்டு பெர்சன்ட் சேவை வரி. முப்பத்தெட்டு வெள்ளிக்கு மூணு எம்பது போவுதுன்னு நெனச்சீங்க. போனது ஒம்பது வெள்ளி பதினஞ்சு சென்."

புனிதா டீயை வைத்தார். "குடிங்க. இவருக்கும் மொத தடவை இப்படித்தான் முகம் போச்சு. ரெண்டு நாள் என்கூடவே பேசல, நான் என்னமோ பிடிச்ச மாதிரி."

ருமானா சிரிக்க முயன்றாள். "நீங்க எப்படிண்ணே முப்பத்தஞ்சுக்குக் குடுக்குறீங்க?"

"ரெண்டு திட்டத்துலேயும் நான் இல்ல. டிக் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மொட்டைக் கடை." அவர் பேனாவை ருமானாவின் தாளில் கீழே இறக்கினார். "இன்னொரு லைன் இருக்கு சிஸ்டர். உங்க தாள்ல மட்டும்தான் இருக்கு. என் தாள்ல இல்ல."

தபால் கட்டணத் திருத்தம் என்று அந்த வரி ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வோர் ஆர்டருக்கும் எதிரே இரண்டு வெள்ளி. ருமானா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். கொரியருக்கும் சந்தைக்காரருக்கும் இடையில் நடக்கும் ஏதோ திருத்தம் என்று எண்ணி, தாண்டிப் போயிருக்கிறாள்.

"இது உங்ககிட்ட எடுக்குறது. கடையில பொருளை ஏத்துறப்ப எடை எவ்வளவுன்னு போட்டீங்க?"

"ஒரு கிலோ. தூள் எண்ணூறு, பெட்டி கிட்டி எல்லாம் சேர்த்து தொள்ளாயிரத்து முப்பது வந்துச்சு. அதனால ஒரு கிலோன்னு போட்டேன்."

"அந்த ஒரு கிலோவுக்குத்தான் வாங்குறவங்க தபால் காசு கட்டுறாங்க. கொரியர் அவன் இடத்துல திரும்ப நிறுத்துப் பாப்பான். ஒரு கிலோவுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் அடுத்த கட்டணம். வித்தியாசம் ரெண்டு வெள்ளியை உங்ககிட்டேர்ந்து எடுத்துக்குவாங்க. மாசம் ஐந்நூறு பார்சல்னா ஆயிரம் வெள்ளி."

ஆயிரம் வெள்ளி. தனலெட்சுமியின் சம்பளத்தைவிட நூறு வெள்ளி அதிகம்.

"ஆனா நான் நிறுத்துப் பாத்தேனேண்ணே..." என்று ஆரம்பித்த ருமானா, பாதியில் நிறுத்தினாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் தனலெட்சுமி கேட்டாள். "அக்கா, கடைக்கு வந்து வாங்குறவங்க கொசுறு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. போன்ல வாங்குறவங்க எப்படிக் கேப்பாங்க? நாமளா குடுத்தாத்தானே?" கேட்ட விதம் ருமானாவுக்குப் பிடித்திருந்தது. நூறு கிராம் ரசத்தூளை ஒரு சின்னப் பொட்டலமாகப் போட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கச் சொன்னாள். அதன் அடக்கவிலையைக் கணக்கில் சேர்த்தாள். எடையைச் சேர்க்கவில்லை.

"கொசுறு," என்றாள் மெதுவாக.

"கொசுறுதான்," என்றார் சிவநேசன். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தார். ருமானாவின் பெட்டி. முகவரி ஒட்டியதுகூட அப்படியே இருந்தது. அதைத் தராசில் வைத்தார். ஆயிரத்து முப்பது என்று காட்டியது.

"முப்பது கிராம் கூடுதல்."

ருமானா பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்கிட்டேர்ந்து வாங்கினீங்களா?"

சிவநேசன் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் சொல்றேன்," என்றார் புனிதா. "போன மாசம் எங்க ஆளுங்க பாதிப் பேர் உங்ககிட்ட வந்துட்டாங்க. எல்லாரும் ரிவியூல ரசத்தூள் ரசத்தூள்னு எழுதுறாங்க. என்னதான் குடுக்குறாங்கன்னு பாக்க இவரு ஒண்ணு ஆர்டர் போட்டாரு. உண்மையான கஸ்டமர் மாதிரி தெரியணுமாம். கடைக்காரருக்கு எழுதுற இடத்துல, மனைவிக்குக் காய்ச்சல், சீக்கிரம் அனுப்புங்கன்னு எழுதியிருக்காரு. எனக்குக் காய்ச்சலும் இல்ல, ஒரு இருமல்கூட இல்ல. அன்னைக்குப் பாசார்ல ரெண்டு கிலோ நண்டு வாங்கிட்டு வந்து ஆக்கினேன்."

"புனிதா, போதும் லா."

"என்ன போதும்? சொல்ல வேண்டியதைச் சொல்லணும்ல. பெட்டியைப் பிரிச்சா ரசத்தூள் ரெண்டு பொட்டலம் இருக்கு. எல்லாருக்கும் ஒண்ணு, எங்களுக்கு ரெண்டு. அந்த ரெண்டாவதை வெளிய எடுத்து வச்சுட்டுத்தான் இப்ப நிறுத்தாரு. கூட ஒரு சீட்டு."

மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். பழைய முகவரிச் சீட்டின் பின்பக்கத்தில், நீல மையில், தனலெட்சுமியின் உருண்டைக் கையெழுத்து.

'அக்காவுக்குக் காய்ச்சல்னு பார்த்தேன். ரசத்தூள் இன்னொண்ணும் வச்சிருக்கேன். கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டு வச்சுக் குடுங்க. சாமிகிட்ட வேண்டிக்கிறேன், சீக்கிரம் எந்திரிச்சிருவாங்க. தனம், பேக்கிங்.'

ருமானா அதை இரண்டு முறை படித்தாள். இப்படி ஒரு சீட்டு தன் கடையிலிருந்து போனது அவளுக்குத் தெரியாது. இன்னும் எத்தனை வீடுகளுக்கு இப்படிப் போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

"எடை கூடுதல்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் சிஸ்டர்," என்றார் சிவநேசன். குரல் தாழ்ந்திருந்தது. "நானே வாயைத் திறக்கல. இப்படியே போனா நீங்க விலையை ஏத்துவீங்க, என் ஆளுங்க என்கிட்டத் திரும்பி வந்துடுவாங்கன்னு இருந்தேன். நான் எழுதினது பொய். அந்தப் பொண்ணு நெசமா சாமி கும்பிட்டிருக்கு. சீட்டை எடுத்துப் போடவும் முடியல, வச்சுக்கவும் முடியல. உங்க மெசேஜ் வந்தப்ப இவ சொன்னா, இதுக்கு மேலயும் சும்மா இருந்தா உங்களுக்கு இந்த வீட்டுல ரசம் கிடையாதுன்னு."

"ரசம் மட்டுமா சொன்னேன்? சோறும்தான்," என்றார் புனிதா.

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்தபோது ருமானாவின் கண் நிறைந்திருந்தது. இல்லாத காய்ச்சலுக்காக ஒருத்தி வேண்டிக்கொண்டாள். இறைவன் அதை வீணாக்கவில்லை. அந்த வேண்டுதல் வேறு முகவரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணைத்தான் இந்த மாசத்தோட நிறுத்தணும்னு இருந்தேன்," என்று ருமானா சொன்னாள். புனிதா அவள் கையின்மேல் கையை வைத்தார்.

"கொசுறை நிறுத்திடுங்க," என்றார் சிவநேசன். "வேலை பாக்குற ஆளை நிறுத்தாதீங்க. கொசுறை நிறுத்தினா ரெண்டு வெள்ளி மிஞ்சும். எனக்கும் நாலு பேர் திரும்பி வருவாங்க, பொய் சொல்ல மாட்டேன்."

திங்கட்கிழமை ருமானா ஒன்பது மணிக்கே மாடிக்கு வந்துவிட்டாள். அந்தக் காயின் திட்டத்திலிருந்தும் பெருவிற்பனைத் திட்டத்திலிருந்தும் வெளியேறினாள். உறுதியாகவா, உறுதியாகவா என்று செயலி மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆமாம் என்று அழுத்தினாள். தனலெட்சுமி வந்ததும், கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியைத் தராசில் வைத்துக் காட்டினாள்.

"ஆயிரத்து முப்பது," என்று தனலெட்சுமி படித்தாள். "அதுக்கென்னக்கா?"

"நாம ஒரு கிலோன்னு போட்டிருக்கோம் தனம். ஒவ்வொரு பார்சலுக்கும் ரெண்டு வெள்ளி நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டு இருக்காங்க. சனிக்கிழமை ப்ரிக்பீல்ட்ஸ்ல சிவநேசன் அண்ணே கடைக்குப் போனப்பதான் தெரிஞ்சுது."

தனலெட்சுமியின் கையிலிருந்த டேப் மேசைமேல் விழுந்தது. "ஒரு கிலோவா? ஐயோ அக்கா, ஒன்றரைன்னு போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்! கிடங்குல இதே தலைவலியைத்தான் ஒன்பது வருசம் பாத்தேன். எந்தப் பெட்டியும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா சூப்பர்வைசர் சாமியாடிடுவாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்டிருக்கலாம். ஒன்பது வருடம் எடையோடு பழகியவள் பக்கத்திலேயே நின்று டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். உமரிடம் கேட்டாள், போட்டிக்காரரிடம் கேட்டாள், இவளிடம் மட்டும் கேட்கவில்லை. ருமானாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"ரசத்தூளை நிறுத்திடலாமா? இல்ல, ஐம்பது கிராமாக் குறைச்சுடலாமா?"

"ஐம்பது கிராமுல என்ன ரசம் வைக்கிறது? குடுத்த மாதிரியும் இருக்காது, குடுக்காத மாதிரியும் இருக்காது." தனலெட்சுமி பெட்டியைக் கவிழ்த்து, தூள் பைகளை வெளியே எடுத்தாள். வெறும் பெட்டியைத் தராசில் வைத்தாள். தொண்ணூறு. "இந்தாங்க, திருடன் இவன்தான். தூள் உடையுற சாமானா? எதுக்கு இவ்வளவு கனமான பெட்டி? தடிப்பான பிளாஸ்டிக் பை இருக்கு, இருபது கிராம்கூட வராது. தூள் பையை ரெண்டு தடவை சீல் வச்சுட்டா லோரியில தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது. பெட்டியைக் குறைங்கக்கா. கொசுறுல கை வைக்காதீங்க."

அரிசி வந்த ஒரு பையைக் கழுவித் துடைத்து, அதில் எல்லாவற்றையும் போட்டு நிறுத்தார்கள். ரசத்தூளோடு தொள்ளாயிரத்து அறுபது.

ருமானா நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். தனலெட்சுமிக்குத் தெரியவே வேண்டியதில்லை. ஆனால் தெரியாமல் வைத்துக்கொண்டு இவள் முகத்தைத் தினமும் பார்க்க முடியாது என்று தோன்றியது.

"தனம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். காசு நிக்கலன்னு, இந்த மாசத்தோட உன்னை நிறுத்திடலாம்னு இருந்தேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு வாரமா நீங்களே ரெண்டு வேளையும் எனக்கு டீ போட்டுக் குடுக்குறீங்க. சீனி போதுமான்னு வேற கேக்குறீங்க. கிடங்குலேயும் ஆளைக் குறைக்கிறதுக்கு முந்தின வாரம் எங்களுக்கெல்லாம் நாசி பிரியாணி வாங்கிக் குடுத்தாங்க." தனலெட்சுமி பையின் வாயை மடித்துக்கொண்டே பேசினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கைதான் ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்ப மடித்தது. "வாணிகிட்ட இன்னும் சொல்லல. பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்."

ருமானா எழுந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாணிகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நீ வரணும். ஆனா பொய்யா உறுதி குடுக்க மாட்டேன். ரெண்டு திட்டத்தையும் விட்டதுல ஆர்டர் கொஞ்சம் குறையலாம். மூணு மாசம் பாப்போம். கட்டுப்படியாகலன்னா மொதல்ல உன்கிட்டதான் சொல்வேன். ரெண்டு பேரும் உக்காந்து யோசிப்போம். இன்ஷா அல்லாஹ், அது வராது."

"சரிக்கா," என்றாள் தனலெட்சுமி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ப்ரிக்பீல்ட்ஸ்ல அந்த அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்காம்? அங்கதானே போனீங்க? அந்த முகவரி எனக்கு ஞாபகம் இருக்கு."

ருமானா ஒரு கணம் யோசித்தாள். "நல்லா இருக்காங்க. நீ வேண்டிக்கிட்டதைச் சொன்னாங்க."

"அப்பாடா."

மதியம் கொரியர் லோரி வருவதற்குள் நாற்பது பார்சல் முடிய வேண்டும். பை வரும்வரை பெட்டிகளில் கறித்தூளை மட்டும் அனுப்புவதா, எப்போதும்போல ரசத்தூளையும் வைத்து அனுப்புவதா என்று இருவரும் கொஞ்சம் வாதாடினார்கள். தனலெட்சுமிதான் ஜெயித்தாள். வாங்கியவர்கள் ரிவியூவைப் படித்து ரசத்தூளை எதிர்பார்த்திருப்பார்கள், அதனால் இன்றைக்கு மட்டும் இரண்டு வெள்ளி போனால் போகட்டும் என்றாள். ருமானா ஒத்துக்கொண்டாள்.

"நூறு பைக்கு இருபது வெள்ளி ஆகும்க்கா. எங்க போர்ட் பக்கம் கெடாய்க் கடையில மலிவு. வேலை முடிஞ்சு போறப்ப, ரயில் இறங்கினதும் வாங்கிடுறேன். காசை இப்பவே குடுத்துடுங்க, அப்புறம் மறந்துடுவீங்க."

ருமானா பர்ஸைத் திறந்து ஐம்பது வெள்ளித் தாளை எடுத்தாள்.

"இருபதுதான் ஆகும்னேன்."

"இருநூறு பையா வாங்கிட்டு வா," என்றாள் ருமானா. "ஒரு மாசத்துக்கு அதுவே பத்தாது."